‘எலக்‌ஷன் முடியட்டும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் ஒரு ஊராட்சியில் தையல் கடை வைத்துப் பிழைக்கிறோம். கணவர் இல்லை. ஒரே மகன், வயது 22. பி.காம். முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். இந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக நண்பர்களோடு சேர்ந்து வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து வந்தான். போன வாரம் ராத்திரி எட்டு மணி வாக்கில், வேறொரு கட்சியைச் சேர்ந்த ஐந்தாறு பேர் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை மறித்து, நோட்டீஸைப் பிடுங்கிக் கிழித்து, கொடிக்கம்பால் அடித்துவிட்டார்கள். காதுக்கு மேலே நாலு தையல். வண்டியையும் உடைத்துவிட்டார்கள். ஜி.எச்.சில் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். “தேர்தல் நேரம்மா, எலக்‌ஷன் முடியட்டும், பேசி முடிச்சுக்கலாம்” என்று சொல்லி சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்கள். நேற்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, “அவங்களும் உன் பையன் மேல புகார் எழுதி வச்சிருக்காங்க, வாபஸ் வாங்கிடு. கேஸ் ஆனா கவர்மென்ட் வேலைய மறந்துட வேண்டியதுதான். ஓட்டும் பார்த்துப் போடு, எந்தத் தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு எண்ணுற அன்னைக்கே தெரிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வாபஸ் வாங்கிவிடட்டுமா? மகனை மறுபடி பிரசாரத்துக்கு அனுப்பலாமா?

— பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் ஒன்று கேட்கிறேன். அன்று உங்கள் மகன் போட்டிருந்த சட்டையைத் துவைத்துவிட்டீர்களா? துவைக்கவில்லை என்றால் அப்படியே விடுங்கள். நிழலில் காயவைத்து ஒரு காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ரத்தக்கறை பூசணம் பிடித்துவிடும். கிழிந்த நோட்டீஸ் ஒன்றிரண்டு கிடைத்திருந்தால் அதையும் கூடவே வையுங்கள். உடைந்த வண்டியை எல்லாப் பக்கமும் படம் எடுக்கும் வரை மெக்கானிக்கிடம் விடாதீர்கள். பாலத்துக்குப் பக்கத்தில் கடையோ பெட்ரோல் பங்கோ இருந்தால் அங்கே கேமரா இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அந்தப் பெட்டிகளில் பழைய பதிவு தானாக அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும். சில கடைகளில் ஒரு வாரத்துக்கு மேல் எதுவும் நிற்காது. கடைக்காரர் தரத் தயங்கினால், இந்தக் கடையில் கேமரா இருக்கிறது, பதிவைக் கைப்பற்றுங்கள் என்று போலீஸுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு அது அழிந்துபோனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் விசாரணை அதிகாரி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாபஸ் வாங்காதீர்கள். “எலக்‌ஷன் முடியட்டும்” என்றும் காத்திருக்காதீர்கள். 24 வருடமாக ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக வழக்கு நடத்துகிறேன். தேர்தல் அடிதடியில் அடிபட்ட குடும்பங்களுக்கு எல்லோரும் சொல்வது இந்த ஒரே வார்த்தைதான், அவர்களை அதிகம் கெடுத்ததும் இதுதான். தேர்தல் நடக்கிற நாட்களில் உங்கள் ஊர் இன்ஸ்பெக்டருக்கு மேலே தேர்தல் ஆணையம் உட்கார்ந்திருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 28ஏ பிரிவுப்படி, தேர்தல் பணிக்கென நியமிக்கப்பட்ட போலீஸார், அறிவிக்கை வந்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் வரை ஆணையத்தின் கட்டுப்பாட்டிலும் ஒழுங்கு அதிகாரத்திலும் இருப்பவர்கள். ஆணையம் நினைத்தால் ஒரே உத்தரவில் எஸ்.பி.யையே மாற்ற முடிகிறது. முடிவு வந்த மறுநாள் அந்தக் கூரை கழன்றுவிடும். ஆணையம் அனுப்பிய பார்வையாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கட்டுப்பாட்டு அறையைப் பூட்டிவிடுவார்கள், ஜெயித்தவர் யாரோ அவர் சொல் ஸ்டேஷனில் எடுபடத் தொடங்கும். உங்களைப் போன்றவர்களுக்குச் சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இந்தச் சில வாரங்கள்தான். அதைத் தள்ளிப்போடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் உங்கள் நன்மைக்காகச் சொல்லவில்லை.

உங்கள் கையில் இருக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, மனு கொடுத்தீர்கள் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அது வழக்கு ஆகாது. வழக்கு பிறப்பது எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கையில். போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-ஆவது பிரிவு இதற்கானது. அதில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்த்துக்கொள்ளலாம். கொடிக்கம்பு போன்றதை ஆயுதமாக்கிக் காயப்படுத்தியதற்கான பி.என்.எஸ். (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் புதிய சட்டம்) 118(1) இந்த இடைவெளிக்குள் வருகிறது. “14 நாள் டைம் இருக்கும்மா” என்று யாராவது சொன்னால் அது இதைத்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘வண்டியை மறித்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் போகிற வழியை மறிப்பது பி.என்.எஸ். 126(2)-இன் கீழ் தனிக் குற்றம். தண்டனை ஒரு மாதம்தான். ஆனால் அது போலீஸ் நேரடியாக வழக்குப் போடக்கூடிய குற்றம், 14 நாள் சலுகைக்குள் வராத குற்றம். ஒரு சம்பவத்தில் இப்படி ஒரு குற்றம் இருந்தாலே போதும், கூட இருக்கும் சிறிய குற்றங்களையும் சேர்த்து முழுதாக விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனில் கொடுத்த மனுவில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் ரைட்டர் எழுதித் தரும் மனுவில் ‘வாய்த்தகராறு ஏற்பட்டு’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பேரும் சமமாகச் சண்டை போட்டது மாதிரி ஆகிவிடும். மறித்ததை எழுதாமல் விட்டிருந்தால் கூடுதல் மனுவாகக் கொடுங்கள். எங்கே நின்றார்கள், வண்டிக்கு முன்னால் வந்தது யார், சாவியைப் பிடுங்கினார்களா என்று வரிசையாக, உங்கள் சொந்தப் பேச்சில் எழுதினாலே போதும். திட்டியிருந்தால் ‘அசிங்கமாகத் திட்டினார்கள்’ என்று மட்டும் விடாமல், கூச்சத்தைப் பார்க்காமல், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். வார்த்தை என்னவென்று இல்லாத காரணத்தாலேயே திட்டியதற்கான பிரிவை வழக்கிலிருந்து உயர் நீதிமன்றம் ரத்து செய்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஜி.எச்.சில் போட்ட ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். டாக்டர் முன்னால் உங்கள் மகன் முதலில் சொன்னது என்ன என்பது அந்த ஒரு தாளில் இருக்கும். முன்பு என்னிடம் ஒரு பையன் வந்தான், இதே மாதிரி தேர்தல் அடி. கட்டுப் போடும்போது அடித்தவர்களின் ஆள் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பயத்தில் ‘வண்டியிலிருந்து வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டான். மூன்று வருடம் கழித்து, அந்த ஒரு வரியைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வழக்கை உடைத்தது. அவன் தலையில் தழும்பு அப்படியே இருந்தது, அது எந்தத் தேதியில் எப்படி வந்தது என்று நிரூபிக்க எங்களிடம் வேறு காகிதம் இல்லை. உங்கள் மகனும் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஏன் அப்படிச் சொன்னான் என்பதை இப்போதே வாக்குமூலத்தில் சேர்த்துவிடலாம்.

அடுத்து, மனுவின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். நகல், மருத்துவமனைக் காகிதம், படங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஸ்டேஷன் மறுத்தால் எஸ்.பி., எஸ்.பி.யும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் என்பதுதான் 173(4) சொல்லும் வரிசை. மாஜிஸ்திரேட்டிடம் போகும்போது பிரமாணப் பத்திரம் வேண்டும், நடுப்படியைத் தாண்டி வந்த மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வக்கீல் பீஸ் நினைத்துத் தயங்காதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி ஒரு பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். விசாரணை என்று உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் ஒன்று நினைவிருக்கட்டும்: சாட்சியாக விசாரிக்கப் பெண்களை அவர்கள் வீட்டுக்கே வந்துதான் விசாரிக்க வேண்டும்.

இதோடு கூடவே தேர்தல் வழியிலும் போங்கள். தேர்தல் ஆணையத்தின் ‘சி-விஜில்’ செயலியில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது கண்ணெதிரே நடப்பதை அங்கேயே படம் பிடித்து அனுப்புவதற்கு, போனில் ஏற்கெனவே இருக்கும் படத்தை அது ஏற்காது. போன வாரம் நடந்ததற்கு அது உதவாது. இனிமேல் வீட்டு முன்னால் கூட்டமாக வந்து நின்று கத்தினால் உதவும். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் கணக்கு, பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். தனி மனிதரின் வீட்டு முன்னால் ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது, வீட்டுச் சுவரையும் காம்பவுண்டையும் அனுமதியில்லாமல் கொடிக்கோ போஸ்டருக்கோ பயன்படுத்தக் கூடாது என்று நடத்தை விதியே சொல்கிறது.

நடந்த சம்பவத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டியது தேர்தல் பார்வையாளர்களை. உங்கள் தொகுதிக்குப் பொதுப் பார்வையாளர் ஒருவர் வருவார், வெளியூர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. போலீஸ் பார்வையாளராக வெளி மாநில ஐ.பி.எஸ். அதிகாரி வருவார். அவர்கள் போன் எண்ணும், பொதுமக்களைச் சந்திக்கும் நேரமும் நாளிதழில் வரும். பெரும்பாலும் சுற்றுலா மாளிகையில்தான் தங்கியிருப்பார்கள். உள்ளூர் யாருக்கும் கடன்படாத மனிதர்கள் என்பதுதான் இவர்களுடைய பலம். நேரில் போய் மனுவைக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே கலெக்டர் அலுவலகத்துக்கும் போங்கள், அவர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். ஆனால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கும் என்று நினைத்துப் போய் ஏமாறாதீர்கள், நடத்தை விதி இருக்கும்வரை அது நடக்காது. வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டியில் போட்டால் ரசீது வராது. மேலே ஏறி, தேர்தல் பிரிவிலோ கட்டுப்பாட்டு அறையிலோ கொடுத்து முத்திரை வாங்குங்கள். தேர்தல் உதவி எண் 1950-க்குப் போன் செய்தாலும் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காகிதம் காகிதமாகச் சேர்க்கச் சொல்கிறேனே என்று சலிப்பாக இருக்கலாம். இன்ஸ்பெக்டர் மேஜையில் மூன்று இடங்களிலிருந்து ‘இந்த மனு என்ன ஆயிற்று?’ என்ற கேள்வி ஒரே நாளில் வந்து விழுந்தால், அன்று சாயங்காலமே எஃப்.ஐ.ஆர். எண் கிடைத்துவிடுவதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இப்போது உங்கள் பெரிய பயம், மகனின் வேலை. அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். கவுண்டர் கேஸ் என்பது இந்த ஊர்களில் பழைய ஆயுதம். அடித்தவர்களில் ஒருவர் ஜி.எச்.சில் படுத்துக்கொண்டு ‘என்னையும் அடித்தார்கள்’ என்று கொடுத்தால், பல ஸ்டேஷன்களில் இரண்டையும் பதிவு செய்து சமன் செய்துவிடுவார்கள். அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் நிலுவை வழக்கு தொந்தரவு தரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் வாபஸ் வாங்கினால் அந்தப் புகார் போய்விடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அந்தப் பெரியவர் எழுதித் தருவாரா? உங்கள் மனு இல்லாமல் போனால் மிஞ்சி நிற்பது அவர்களுடைய மனு மட்டும்தான். அப்போது உங்கள் மகன் அடிபட்டவன் அல்ல, அடித்தவன். இரண்டு தரப்பும் புகார் கொடுத்தால் ஒரே அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து, யார் முதலில் கை வைத்தது என்று உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளிலேயே இருக்கிறது. அந்த விசாரணையில் உங்களைக் காப்பாற்றப் போவது முதலில் கொடுத்த மனு, அன்றே போட்ட தையல், அன்றைய ஏ.ஆர். பதிவு. பொய் வழக்கு என்று காட்ட முடிந்தால் உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ஆவது பிரிவில் ரத்து கேட்கலாம். ஒருவேளை வழக்கு வந்தே விட்டால் தேர்வு விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்ததற்காக வேலை இழந்தவர்கள் பலர். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்னவரின் வழக்கு எப்படிப்பட்டது என்று வேலை கொடுப்பவர் பார்த்து முடிவெடுக்க இடம் உண்டு, மறைத்தவருக்கு அந்த இடமும் குறுகிவிடும்.

பேச்சுவார்த்தை என்று அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். வெற்றுத்தாளிலோ, ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று தட்டச்சு செய்த தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். சமரசமே கூடாது என்பவன் அல்ல நான், ஒரே ஊரில் வாழ வேண்டியவர்கள் நீங்கள். ஆனால் சமரசம் என்றால் அடித்தவர்கள் ஒத்துக்கொண்டு, வண்டிச் செலவையும் வைத்தியச் செலவையும் கொடுத்து, வக்கீல் முன்னால் நடப்பது. அம்மா பயந்துபோய்ப் பின்வாங்குவதற்கு அந்தப் பெயர் வைக்காதீர்கள். வழக்கு நிலைத்துவிட்டால், பிறகு எந்த அரசு வந்து ‘அரசியல் வழக்கு’ என்று அதைத் திரும்பப் பெற நினைத்தாலும், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 360-இல் இப்போது எழுதப்பட்டிருக்கிறது. பழைய சட்டத்தில் உங்களுக்கு இந்த நாற்காலி போடப்படவில்லை.

ஓட்டு விஷயத்தில் பெரியவர் சொன்னதில் கால் பங்கு உண்மை, முக்கால் பங்கு மிரட்டல். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்பது வெளியில் தெரியும், அது பொது ஆவணம். ஆனால் ஒரு சாவடியில் பல நூறு பேர், பல தெருக்காரர்கள் போடுகிறார்கள். உங்கள் விரல் எந்தப் பொத்தானை அழுத்தியது என்று எந்த இயந்திரமும் யாருக்கும் சொல்லாது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரியும் சீட்டு பெட்டிக்குள் விழுந்துவிடும், அதில் உங்கள் பெயரோ வரிசை எண்ணோ கிடையாது. யாருக்குப் போட்டீர்கள் என்று சொல்ல உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, நீதிமன்றம்கூட. அது 1951 சட்டத்தின் 94-ஆவது பிரிவு. ‘ஓட்டைப் பார்த்துப் போடு’ என்று பயமுறுத்தியது பி.என்.எஸ். 171 சொல்லும் தகாத செல்வாக்கு, ஒரு வருடம் வரை சிறை. அவர் வந்த நாள், நேரம், சொன்ன வார்த்தை, அப்போது கடையில் இருந்தவர் யார் என்பதையெல்லாம் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைத்து, பார்வையாளரிடம் கொடுக்கும் மனுவில் சேருங்கள். உங்கள் தெருவே மிரட்டப்படுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். பதற்றமான வாக்குச்சாவடி என்று குறித்து, கூடுதல் போலீஸும் கேமராவும் போடுவது இப்படிப்பட்ட தகவல்களை வைத்துத்தான்.

நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை, அது என் கேள்வியும் அல்ல. ஆனால் பட்டியல் இனத்தவராக இருந்து, அடித்தவர்கள் அப்படி இல்லை என்றால், மனுவில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். இன்னாருக்குப் போடு, போடாதே என்று மிரட்டுவதும், ஓட்டுப் போட்டதற்காக அடிப்பதும், ஒதுக்கி வைப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனித்தனிக் குற்றங்கள். அங்கே முதற்கட்ட விசாரணை என்ற பேச்சே கிடையாது, எஃப்.ஐ.ஆர். போட வேண்டியதுதான். மதுரை மாவட்டம் மேலவளவில் 1996-இல் ஊராட்சித் தேர்தலைத் தடுத்தார்கள், வாக்குப்பெட்டிகளைப் பறித்தார்கள். அதையும் மீறி ஜெயித்த தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில் வெட்டிக் கொன்றார்கள். அந்த ஊரைத் தாண்டிப் போகும்போதெல்லாம், பெட்டியைப் பறித்த அன்றே சட்டம் கைவைத்திருந்தால் அவர் இருந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். நாலு தையலைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கடைசியாக, மகனை அனுப்பலாமா என்கிறீர்கள். நோட்டீஸ் கொடுப்பது அவனுடைய உரிமை, அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு கொடுத்தது. போவதா வேண்டாமா என்பதை அவன் சொல்லட்டும், நீங்கள் தடுத்தாலும் தவறில்லை, தாய் நீங்கள். போவதானால் தையல் பிரித்த பிறகு போகட்டும், இருட்டும் முன் திரும்பட்டும், இரண்டு பேராவது சேர்ந்து போகட்டும். எந்தத் தெரு, எத்தனை மணி என்று வேட்பாளரின் ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் கொடுத்த நோட்டீஸின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லாமல் அச்சடிப்பது அதே 1951 சட்டத்தின் 127ஏ பிரிவில் குற்றம். அவன் அச்சடித்ததில்லைதான், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த நோட்டீஸாகத்தான் இருக்கும்.

எஸ்.பி.க்கு அனுப்பும் மனுவை நீங்களே கையால் எழுதுங்கள். எழுதி முடித்ததும் மகனிடம் சத்தமாகப் படித்துக் காட்டி, நடந்தது நடந்தபடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.